ஓர் இரவுத் துடுப்புப் பயணம்: எதை வாங்குவது, எதை விடுவது, எப்படிக் கட்டுவது? சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை விடியற்காலையில் துடுப்பைக் கையில் எடுத்து, இரவு கரையில் தங்கி, ஞாயிறு மதியத்துக்குள் திரும்பிவிடும் பயணத்தை மனத்தில் வைத்து எழுதியது இது. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை கனடா ஏரிகளுக்கானவை. கம்பளி உறை, கரடிக்குப் பயந்து வைக்கும் பெட்டி, ஏரித் தண்ணீரை வடிகட்டும் கருவி என்று நீளும். நம் ஊரில் ஆளைப் படுத்துவது குளிர் அல்ல. வெயில், உப்புத்தண்ணீர், கொசு, இவை மூன்றும்தான். பட்டியலையும் அதற்கேற்ப மாற்றியாக வேண்டும்.

கேனோ எடுக்கலாமா, கயாக் எடுக்கலாமா?

கேனோ என்பது மேலே திறந்திருக்கும் வள்ளம். ஒரு முனையில் மட்டும் மட்டை உள்ள துடுப்பால் தள்ளுவது. மூட்டை முடிச்சு ஏற்ற அதைவிட வசதியானது இல்லை. ஆனால் கவிழ்ந்தால் தொட்டி மாதிரி தண்ணீர் நிறைந்துவிடும்; நடுத்தண்ணீரில் அதை நிமிர்த்தி இறைக்கப் பயிற்சி வேண்டும். கயாக் ஒடுக்கமானது, இரண்டு முனையிலும் மட்டை உள்ள துடுப்பால் ஓட்டுவது. சென்னைப் பக்கம் வாடகைக்குக் கிடைப்பதில் பெரும்பாலும் மேலேயே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக்தான். அதன் தளத்தில் உள்ள ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் தானே வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். முதல் இரவுப் பயணம் என்றால் இரண்டு பேர் உட்காரும் இந்த வகைதான் என் தேர்வு. ரயிலில் கொண்டுபோக வேண்டுமானால் காற்றடிக்கும் கயாக்.

காற்றடிக்கும் கயாக் வாங்குகிறவர்கள் அடியில் மாட்டும் துடுப்பு போன்ற வாலைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் படகு நேராகப் போகாது. ஆனால் ஆகாயத்தாமரை மண்டிய வாய்க்காலில் அதுவே கொடிகளை வாரிக்கொண்டு நங்கூரமாகிவிடும்.

படகில் எழுதியிருக்கும் எடை அளவு வரைக்கும் ஏற்றலாமா?

கூடாது. அது படகு மூழ்காமல் இருக்கும் எல்லை, சுகமாக ஓடும் எல்லை அல்ல. முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கணக்கு இப்படி: 70 கிலோ ஆள் இரண்டு பேர், 140. இரண்டு நாள் தண்ணீர் 20. கூடாரம், கொசுவலை, பாய் 6. சாப்பாடு 5. மற்றவை 8. ஆக 179 கிலோ. 240 கிலோ என்று எழுதிய படகுக்கு இதுவே உச்சம். இந்தக் கணக்கில் ஆட்களுக்கு அடுத்த பெரிய எடை தண்ணீர்தான் என்பதைக் கவனியுங்கள். அதைக் குறைக்க வழியில்லை. குறைப்பதென்றால் துணியில் குறையுங்கள்.

சென்னையில் எங்கே போவது? முட்டுக்காட்டில் இரவு தங்க முடியுமா?

முட்டுக்காடு பழகுவதற்கான இடம், இரவு தங்குவதற்கு அல்ல. மூட்டையைக் கட்டி, காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். செம்பரம்பாக்கம், பூண்டி போன்றவை நாம் குடிக்கிற தண்ணீர். அங்கே படகை இறக்கும் யோசனையே வேண்டாம். பக்கிங்காம் கால்வாயை வரைபடத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் காக்கிநாடா வரை படகு போன நீர்வழிதான். இன்று நகருக்குள் அது சாக்கடை.

பழவேற்காடு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் படகு இறக்குவதோ கூடாரம் அடிப்பதோ கூடாது. ஏரியை ஒட்டியே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருப்பதால் அந்தப் பக்கம் போகவே கூடாது. அனுமதி கிடைத்தாலும் அங்கே மீன்பிடி உரிமை பாடு முறைப்படி இன்னாருக்கு இன்ன இடம், இன்ன நாள் என்று பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீருக்கு மேலே வரிசையாகக் குச்சிகள் தெரிந்தால் கீழே வலை இருக்கிறது என்று அர்த்தம். குச்சிகளின் கடைசிவரை போய்ச் சுற்றிக்கொண்டு வரவேண்டும், நடுவில் புகுந்து அல்ல. கிழிந்தால் அது ஒருவருடைய அன்றைய கூலி.

பிச்சாவரத்தில் படகு பகலில் மட்டும்தான். ஆக, நிஜமாகவே இரவு தங்கும் பயணம் என்றால் சென்னைக்காரர்களுக்குச் சுலபமான வழி ராத்திரி சென்ட்ரலில் ஆலப்புழை ரயிலைப் பிடிப்பது. அல்லது கொல்லம் போய் அஷ்டமுடிக் காயலும் கல்லடையாறும் சேரும் மன்றோ தீவு. தண்ணீரோரத்து ஹோம்ஸ்டேயில் படகைக் கட்டிவிட்டுத் திண்ணையிலோ தோட்டத்திலோ படுக்கலாம். யாருடைய நிலம் என்ற கேள்வியே வராது.

எந்த லைஃப் ஜாக்கெட்?

மற்ற எல்லாச் சாமானிலும் சிக்கனம் பாருங்கள், இதில் வேண்டாம். நீச்சல் தெரிந்தவர், கரை பக்கத்தில் இருக்கிறது என்றால் 50 நியூட்டன் மிதப்புத்திறன் போதும்; அந்த எண் உள்ளே தைத்த சீட்டில் இருக்கும். நீச்சல் தெரியாதவருக்கு 100 நியூட்டன், கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் பட்டை உள்ளது. கடையிலேயே போட்டு, பட்டைகளை இறுக்கி, தோள் பக்கத்தைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். காது மட்டத்துக்கு ஏறிவந்தால் அது உங்கள் அளவு இல்லை.

போட்டுக்கொண்டால்தான் அது லைஃப் ஜாக்கெட். காலுக்கடியில் போட்டு உட்கார்ந்தால் மெத்தை. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உல்லாசமாகச் சுற்றிப்பார்க்கப் போன குடும்பங்கள், யாரும் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. ஜாக்கெட்டில் ஒரு விசில் கட்டித் தொங்கட்டும். காற்றில் கத்தினால் குரல் போகாது, விசில் போகும்.

தண்ணீர் எவ்வளவு?

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர், குடிக்கவும் கொஞ்சம் சமைக்கவும் சேர்த்து. மார்ச்சுக்கு மேல் போனால் இன்னும் ஒரு லிட்டர் கூட. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணி கேனை அப்படியே ஏற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அதன் வாய் இறுக மூடாது, படுக்கவைத்தால் ஒழுகும். பாதி காலியானதும் உள்ளே தண்ணீர் அலைந்து படகை ஆட்டும். போதாததற்கு ஓட்டை விழுந்தால் இரண்டு நாள் தண்ணீரும் போச்சு. திருகு மூடி போட்ட ஐந்து லிட்டர் கேன் நான்கு வாங்குங்கள். ஒன்றைத் திறந்தால் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். காலியானதை மூடி இறுக்கி ஓரத்தில் கட்டினால் மிதவையாகவும் உதவும்.

வடிகட்டும் ஸ்ட்ரா வாங்கிவிட்டேன், தண்ணீர் சுமக்க வேண்டாம்தானே?

சுமந்துதான் ஆகவேண்டும். அந்த ஸ்ட்ரா கிருமியைத் தடுக்கும், உப்பைத் தடுக்காது. குளோரின் மாத்திரையும் அப்படித்தான், கொதிக்கவைத்தாலும் அப்படித்தான். முட்டுக்காடு, பழவேற்காடு, பிச்சாவரம் எல்லாமே உப்பு. சுற்றிலும் தண்ணீர் இருக்க, நடுவில் நாக்கு வறண்டு நிற்க வேண்டியதுதான். மலையாற்றுக்குப் போகும்போது ஸ்ட்ராவை எடுத்துப் போங்கள்.

டிரை பேக் (வாயைச் சுருட்டி மூடும், தண்ணீர் புகாத பை) அவ்வளவு விலை சொல்கிறார்களே. பாலித்தீன் பை போதாதா?

எல்லாவற்றுக்கும் டிரை பேக் வேண்டியதில்லை. நனைந்தால் பயணமே கெட்டுப்போகிற பொருட்களை மட்டும் பிரித்து வையுங்கள்: படுக்கும் துணி, மருந்து, போன், தீப்பெட்டி. இவற்றுக்கு 20 லிட்டரில் ஒன்று, 10 லிட்டரில் ஒன்று. ஒரே பெரிய 60 லிட்டர் பையைவிட இரண்டு மூன்று சின்னப் பைகள் மேல். படகின் மூலைகளில் நுழையும், ஒன்று ஒழுகினாலும் மற்றது காப்பாற்றும்.

பையைச் சரியாக மூடத் தெரியாமல்தான் பலர் பையைத் திட்டுகிறார்கள். வாயருகே நான்கு விரல் இடம் விட்டுத்தான் நிரப்ப வேண்டும். முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். வாயின் இரண்டு விளிம்புகளையும் சுருக்கம் இல்லாமல் ஒட்டப் பிடித்து, ஒரே பக்கமாக மூன்று சுற்று சுருட்டி, பிறகு கொக்கியை மாட்டுங்கள். இரண்டு சுற்று போதாது. வீட்டிலேயே உள்ளே ஒரு நியூஸ்பேப்பரை வைத்து மூடி, பக்கெட் தண்ணீரில் ஐந்து நிமிடம் அமுக்கிப் பாருங்கள். பேப்பர் எங்கே நனைந்ததோ அதற்கு நேரே ஓட்டை.

சாப்பாட்டுக்கும் பாத்திரத்துக்கும் கெமிக்கல் அடைத்து வைத்திராத, இரும்பு வளையம் போட்டு மூடும் நீல ட்ரம் நல்லது. 30 லிட்டர் அளவு போதும். எலியும் நாயும் திறக்க முடியாது, கரையில் உட்கார நாற்காலியாகவும் ஆகும். பழைய ட்ரம் வாங்கினால் முன்பு அதில் என்ன இருந்தது என்று கடைக்காரர் சொல்வதை நம்பாமல் மோந்து பாருங்கள். கயிறு, மிதவைக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய கடைகள். தார்ப்பாய்க்கும் கொக்கிகளுக்கும் பாரிமுனை. டெகாத்லான் விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கவேண்டியது ஜாக்கெட்டும் டிரை பேக்கும் மட்டும்தான்.

படகில் எதை எங்கே வைப்பது?

கனமானது தாழ்வாகவும் நடுவிலும். தண்ணீர் கேன்கள் இரண்டு இருக்கைகளுக்கும் இடையே, இடது வலது சமமாக. ட்ரம் அதற்குப் பின்னால். துணிப்பையும் பாயும் முனைகளுக்கு. ஏற்றியபின் ஆழமில்லாத தண்ணீரில் இரண்டு பேரும் உட்கார்ந்து, கரையிலிருப்பவரைப் பக்கவாட்டில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். மூக்கு கீழே அழுந்தியிருந்தால் படகு பேச்சைக் கேட்காது, எதிர்க்காற்றில் அலை மேலேறும். பின்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தால் தப்பில்லை.

எல்லாவற்றையும் கட்டுங்கள், உங்களைத் தவிர. கயிற்றை உடம்பிலோ கையிலோ சுற்றிக்கொள்ளவே கூடாது. தொங்கும் கயிறும் ஆபத்து. கவிழும்போது காலில் மாட்டும். கட்டின பிறகு மீதி நுனியைச் சுருட்டிச் செருகிவிடுங்கள். கைக்கு எட்டும் இடத்தில் தனியாக ஒரு சின்னப் பை: ஒரு லிட்டர் தண்ணீர், கடலை மிட்டாய், தொப்பி, டார்ச், கத்தி. உதிரித் துடுப்பு ஒன்றும் அங்கேயே. தண்ணீர் இறைக்க, ஐந்து லிட்டர் கேனின் அடியைச் சாய்வாக வெட்டினால் நல்ல இறைப்பான், காசு செலவில்லை.

என்ன சாப்பாடு? அடுப்பு வேண்டுமா?

ஓர் இரவுக்கு அடுப்பே வேண்டாம் என்பேன். முதல் நாள் மதியம் புளியோதரை; புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்து அதைக் கெடவிடாது. தயிர்சாதம் வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும், தேங்காய் போட்ட எதுவும் அதைவிடச் சீக்கிரம். இரவுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். மறுநாள் காலையில் அவல், வெல்லம், வாழைப்பழம். இடையிடையே கொறிக்க வறுத்த கடலை, தட்டை, பேரீச்சை. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி முதல் நாள் காலைக்கு மட்டும்.

டீ இல்லாமல் முடியாது என்பவர்கள் சின்ன கேஸ் அடுப்பு எடுக்கலாம், ரயிலில் போகாவிட்டால். காற்றுக்குத் தகரம் நிறுத்தும்போது கேஸ் டப்பாவையும் சேர்த்து வளைத்துவிடாதீர்கள்; சூடேறி வெடிக்கும். கூடாரத்துக்குள் எரிப்பது கண்டிப்பாகக் கூடாது.

ஸ்லீப்பிங் பேக் எத்தனை டிகிரிக்கு வாங்குவது?

வாங்காதீர்கள். பொங்கல் சமயத்தில்கூட நம் கடற்கரையோரம் ஒரு போர்வை போதும். பணத்தைக் கூடாரத்தின் வலையில் போடுங்கள்: நான்கு பக்கமும் வலை, அதன்மேல் கழற்றி மாட்டும் மழைத்துணி. முழுக்கத் துணியால் மூடிய கூடாரம் நம் ஊரில் வேக்காடுதான். மரம் இருக்கும் இடமென்றால் வலை தைத்த ஹாமக்கும் (மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்கு படுக்கை) சரி. கீழே ஒரு பாய், மேலே ஒரு லுங்கி, தலைக்குத் துணிப்பை. கொசுவத்தியை வலைக்குள் கொளுத்த வேண்டாம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கே முழுக்கைச் சட்டைக்கு மாறிவிட்டு, கைகாலில் களிம்பு தடவிக்கொள்ளுங்கள். கொசு கடிக்க ஆரம்பித்தபின் தடவினால் ராத்திரி முழுக்கச் சொறிய வேண்டியதுதான்.

கூடாரம் அடிக்கும் இடத்தில் தண்ணீர் ஏறிய அடையாளத்தைத் தேடுங்கள்: காய்ந்த பாசி, குப்பை வரிசை. அதற்கு மேலே, நன்றாகவே மேலே. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். படகையும் அதே உயரத்துக்கு இழுத்து மரத்தில் கட்டிவிட்டுத் தூங்குங்கள்.

உடுப்பு, செருப்பு?

ஓட்டும்போது போட ஒரு செட், கரையில் போட ஒரு செட். மூன்றாவது வேண்டாம். ஓட்டும் செட் பாலியெஸ்டர் முழுக்கைச் சட்டை, சீக்கிரம் காயும் கால்சட்டை. ஜீன்ஸ் நனைந்தால் கல்லைக் கட்டின மாதிரி. கழுத்தை மூட ஈரிழைத் துண்டு ஒன்று. நனைத்துத் தலையில் போட்டால் ஏசி, பிழிந்து உதறினால் அரை மணியில் காயும். புடவையோ துப்பட்டாவோ படகில் வேண்டாம் என்று அம்மாவிடமும் அத்தையிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஹவாய் செருப்பு சேற்றில் போய்விடும், க்ராக்ஸும் அப்படித்தான். வெறுங்காலில் இறங்கினால் சிப்பி ஓடு கிழிக்கும். குதிகாலில் பட்டை போட்ட சாண்டல், அல்லது பழைய கேன்வாஸ் ஷூ.

எந்த மாதம், எத்தனை மணிக்குக் கிளம்புவது?

சென்னைப் பக்கம் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும், அப்போது வேண்டாம். கிளம்புவது விடியும்போது. முற்பகல் முடிவதற்குள் கடற்காற்று எழும்பிவிடும். பழவேற்காடு போல ஆழமில்லாத ஏரியில் அந்தக் காற்று சின்னச் சின்னதாக, செங்குத்தான அலைகளைக் கிளப்பும். பதினொரு மணிக்குள் கரை சேர்கிற மாதிரி தூரத்தை வையுங்கள். காற்றுக்கு எதிராக ஒரு மணி நேரத்தில் நீங்கள் நினைத்ததில் பாதிதான் நகர்வீர்கள்.

இருட்டியபின் ஓட்டாதீர்கள். கேரளக் காயல்களில் மாலையானால் ஹவுஸ்போட்டுகளைக் கட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மீனவர்களின் வலைநேரம்.

போன், டார்ச், அவசர உதவி?

போனை ஜிப் பையில் போட்டு, அதை டிரை பேக்கில் போடுங்கள். பவர் பேங்க் ஒன்று போதும். நெற்றியில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று, கூடுதல் பேட்டரியோடு. பொது அவசர எண் 112, கடலிலும் முகத்துவாரத்திலும் கடலோரக் காவல்படைக்கு 1554. எண்களை ஒரு சீட்டில் எழுதி லேமினேட் செய்து ஜாக்கெட் பையில் வையுங்கள். போன் செத்தாலும் இன்னொருவர் போனில் கூப்பிடலாம்.

வெளிநாட்டு மாமா வாங்கித்தந்த சாட்டிலைட் கருவியை எடுத்துப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருந்தால் போலீஸ் விவகாரம். விட்டுவிடுங்கள். வீட்டில் ஒருவரிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணிக்கு மேல் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக்கொடுப்பது அந்தக் கருவியைவிடப் பிரயோசனம்.

மருந்துப் பெட்டியில் என்ன?

ஓஆர்எஸ் பொட்டலம் ஆறு. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும், டம்ளரில் அல்ல. பிளாஸ்திரி, கட்டுத்துணி, பெட்டாடின், முள் எடுக்கும் இடுக்கி, பாராசிட்டமால், வழக்கமாக நீங்கள் சாப்பிடும் மாத்திரை. காலில் புண் இருந்தால் மூடாமல் தேங்கின தண்ணீரில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல், 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு. ஆகவே கிளம்புவதற்கு முன்பே அந்த மருத்துவமனை எது, தங்குமிடத்திலிருந்து எவ்வளவு நேரம் என்று பார்த்து வையுங்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தாலும் டார்ச் இல்லாமல் அடி வைக்காதீர்கள், செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள்.

ரயிலில் இதையெல்லாம் ஏற்ற விடுவார்களா?

ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ இலவசம், அதற்குள் வந்துவிடும். பிரச்சினை எடையில் இல்லை, நீளத்தில். நான்கு துண்டாகக் கழலும் துடுப்பு வாங்கினால் பெர்த்துக்கு அடியில் சுலபமாகப் போகும். கேஸ் டப்பா, பெட்ரோல், மண்ணெண்ணெய்க்கு ரயிலில் தடை. தண்ணீரை இறங்கிய ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள், காலிக் கேன்களுக்குள் துண்டுகளைத் திணித்து இடத்தை மிச்சம் பிடிக்கலாம்.

எட்டு வயசுப் பையனைக் கூட்டிப்போகலாமா?

பகலில் கூட்டிப்போங்கள். அவன் எடைக்கான, கவட்டைப் பட்டை உள்ள ஜாக்கெட் கிடைத்தால். இரவுப் பயணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

அன்றைக்கே கழுவ வேண்டும், திங்கட்கிழமை என்று தள்ளினால் உப்பு ஜிப்பில் ஏறி இறுகிவிடும். நல்லதண்ணீரில் ஜாக்கெட், கொக்கிகள், துடுப்பு மூட்டுகளைக் கழுவி நிழலில் காயவிடுங்கள். மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் துணி வெளிறி நைந்துபோகும். காற்றடிக்கும் கயாக்கை மடிக்கும் முன் உள்மடிப்புகளைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். டிரை பேக்கை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கொடியில் மாட்டுங்கள். தீர்ந்த ஓஆர்எஸ், பேட்டரி, தீப்பெட்டியை அப்போதே வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டால் அடுத்த முறை வெள்ளிக்கிழமை ராத்திரி கடை தேடி அலைய வேண்டாம்.